வாசகர் கேள்வி – பதில்: பாலம் இருக்கு, ஏன் யாரும் ஏறல?

இந்தத் தடவ தபால்லயும் வாட்ஸ்அப்லயும் வந்ததுல பாதிக்கு மேல ரோடு கடக்கிறதப் பத்தின கேள்விதான். செந்தூல்ல இருந்து பிறை வரைக்கும் எழுதியிருக்கீங்க. அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன். நம்ம மலேசியாவுல வருஷத்துக்கு 6,000 பேருக்கு மேல ரோட்டுல உயிர விடுறாங்க, அதுல மோட்டார்சைக்கிள் ஓட்டுறவங்கதான் அதிகம், ஆனா நடந்து போனவங்களும் அதுல இருக்காங்க, அவங்களப் பத்தி நாம பேசுறதே கம்மி.

கேள்வி: அக்கா வணக்கம். எங்க பிளாட்டுக்கு முன்னாடி ஆறு லேன் ரோடு. பஸ் ஸ்டாப், கிளினிக், கடை எல்லாம் அந்தப் பக்கம். ஜெஜந்தாஸ் (நடக்கிறவங்களுக்கான மேம்பாலம்) இருக்கு, ஆனா பாதிப் பேரு ஏற மாட்டேங்கிறாங்க, நடுவுல உள்ள வேலியத் தாண்டிக் குதிச்சுப் போறாங்க. என் வீட்டுக்காரரும் அப்படித்தான், சொன்னா கேக்க மாட்டாரு. இது சோம்பேறித்தனமா இல்ல திமிரா? – வாசகி, செந்தூல்

சோம்பேறித்தனம்னு நான் சொல்ல மாட்டேன்மா. கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்க. லோரியும் பஸ்ஸும் இடிக்காம கீழ போகணும்னா பாலத்த 5 மீட்டருக்கு மேல தூக்கித்தான் கட்டணும், தளத்தோட கனத்தையும் சேர்த்து 5.5 மீட்டர்னு வச்சுக்குவோம், ஒரு படி 15 சென்டிமீட்டர்னா 37 படி ஆகுது. ஏறணும், இறங்கணும், சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது மறுபடி ஏறி இறங்கணும். ஒரு நாளைக்கு 74 படி ஏத்தம். நாலு நாள் போய் வந்தாலே பத்துமலையோட 272 படியத் தாண்டிருது, அதுவும் கையில பாசார் பையும் இடுப்புல பிள்ளையும் வச்சுக்கிட்டு. அதே ரோட்ட கீழ நேரா நடந்தா நடுத்திட்டையும் சேர்த்து ஒரு 23 மீட்டர், சாதாரண நடையில 20 செகண்டு. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மனுஷனோட கால் எத எடுக்கும்?

இத ரொம்ப காலத்துக்கு முன்னாடியே ஆராய்ஞ்சு பாத்துட்டாங்க. 1965ல இங்கிலாந்துல மூர், ஓல்டர்னு ரெண்டு பேரு பண்ண ஆய்வுல, கீழ கடக்கிற நேரமும் பாலத்துல போற நேரமும் ஒண்ணா இருந்தாக்கூட 70 சதவீதம் பேருதான் பாலத்துல ஏறுறாங்கன்னு தெரிஞ்சுது, பாலத்துல ஒன்றரை மடங்கு நேரம் ஆச்சுன்னா கிட்டத்தட்ட யாருமே ஏறல. அப்புறம் துருக்கியில அங்காரா நகரத்துல சில பாலங்கள எடுத்துப் பாத்து 2007ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல ஒரு பாலத்துல 100க்கு 6 பேரு, இன்னொரு பாலத்துல 63 பேரு. ஒரே ஊர் ஜனங்க, ஒரே குணம், ஆனா பாலம் எங்க இருக்கு எப்படி இருக்குன்றத வச்சு இவ்வளவு வித்தியாசம். அதனால ஏறாதவங்களத் திட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பாலத்த ஒரு தடவ போய்ப் பாக்கணும், பஸ் ஸ்டாப்புக்கு நேரா இருக்கா, இல்ல 150 மீட்டர் தள்ளி யாருக்கும் உதவாத இடத்துல கட்டி வச்சிருக்காங்களான்னு.

நம்ம கோலாலம்பூர்லயே ஜனங்க விரும்பி நடக்கிற பாலம் இருக்கே. கேஎல்சிசி பக்கத்துல இருந்து புக்கிட் பிந்தாங் வரைக்கும் 2012ல திறந்த குளிர்சாதன நடைபாதை, ஒரு கிலோமீட்டருக்கு மேல நீளம், ஒரு தடவ மேல ஏறிட்டா ஒவ்வொரு முச்சந்தியிலயும் இறங்கி ஏற வேண்டியதில்ல, வெயில் இல்ல, மழை இல்ல. கம்போங் பாருவையும் ஜாலான் அம்பாங்கையும் சேர்க்கிற சலோமா பாலம் 2020ல வந்துச்சு, 69 மீட்டர், கிள்ளான் ஆத்தையும் ஹைவேயையும் ஒண்ணாத் தாண்டுது, அதுக்கு முன்னாடி சுத்திப் போன தூரத்த நெனச்சா யாரும் அதுல ஏற யோசிக்க மாட்டாங்க. பாலம் தூரத்தக் குறைச்சா ஜனங்க வருவாங்க. கூட்டுனா வரமாட்டாங்க. ஆனா இந்த ரெண்டும் டூரிஸ்ட்டு போற இடம், பணத்தக் கொட்டிக் கட்டுனது, சலோமாவுக்கு மட்டும் 3 கோடி வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல. செந்தூல் பிளாட்டுக்கு முன்னாடி உள்ள பாலத்துக்கு ஒரு லைட்டு மாத்துறதுக்கே மாசக்கணக்குல அலைய வேண்டியிருக்கு, அதான் எனக்கு மனசு ஆறல.

சரி, இப்ப உங்க வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்த. அண்ணே, மேல சொன்னது எல்லாம் பாலம் கட்டுறவங்களுக்கு. உங்களுக்கு வேற கணக்கு. போர்டுல 60ன்னு போட்டிருந்தாலும் ராத்திரி காலியா கெடக்கிற ஆறு லேன் ரோட்டுல 90ல வர்றவங்க இருக்காங்க, 90ன்னா ஒரு செகண்டுக்கு 25 மீட்டர். நீங்க மூணு லேன் கடந்து நடுவுக்குப் போக 9 செகண்டு வேணும். 200 மீட்டர் தூரத்துல குட்டியாத் தெரியிற அந்தக் கார் 8 செகண்டுல உங்க பக்கத்துல வந்துரும். "தூரமாத்தானே வருது"ன்னு கண்ணு சொல்றத நம்ப முடியாது, ராத்திரியில ஹெட்லைட்ட மட்டும் பாத்து வேகத்த அளக்க யாராலயும் முடியாது. ஓட்டுறவருக்கும் அப்படித்தான், வேலிக்குப் பின்னாடி இருந்து ஒரு ஆளு திடீர்னு குதிச்சா, அவரு பாத்து, மூளைக்குப் போயி, கால் பிரேக்குல வக்கிறதுக்குள்ளயே 35 மீட்டருக்கு மேல ஓடியிருக்கும், அப்புறம்தான் பிரேக்கே பிடிக்க ஆரம்பிக்கும், மொத்தமா நிக்க 80 மீட்டராவது வேணும், மழை பேஞ்ச ரோடுன்னா இன்னும் கூட. அந்த மாதிரி ரோட்டுல தயவுசெஞ்சு பாலத்துல ஏறுங்க. பாலம் சரியில்லன்னு மனு கொடுக்க நீங்க உயிரோட இருக்கணும் அண்ணே.

கேள்வி: நான் 30 வருஷம் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவன். இந்த நடக்கிறவங்களுக்காக எல்லா இடத்துலயும் சிக்னல் போட்டா கேஎல்ல ஒரு வண்டியும் நகராது. பாலம் கட்டுனா வண்டியும் நிக்க வேணாம், ஆளுக்கும் பாதுகாப்பு. இதுல என்ன தப்பு கண்டீங்க? – வாசகர், பெட்டாலிங் ஜெயா

ஐயா, நீங்க ரோட்ட உள்ளங்கை மாதிரி அறிஞ்சவங்க, உங்க பேச்ச லேசா ஒதுக்க முடியாது. பெடரல் ஹைவே மாதிரி ரோட்டுல, எம்ஆர்ஆர்2 வட்டச்சாலை மாதிரி ரோட்டுல பாலம்தான் வேணும், அங்க சிக்னல் வச்சு ஆளக் கடக்க விடுங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். என் பேச்செல்லாம் ஊருக்குள்ள உள்ள ரோடப் பத்தித்தான். கடை, பள்ளிக்கூடம், கோயில், சூராவ் (முஸ்லிம்கள் தொழுற சின்ன இடம்), பஸ் ஸ்டாப் ரெண்டு பக்கமும் இருக்கிற ரோட்ட ஹைவே மாதிரி அகலமாக்கி, அதுல வண்டி பறக்க விட்டுட்டு, அப்புறம் அங்க குடியிருக்கிறவங்களப் பாத்து "நீ மேல ஏறிப் போ"ன்னு சொல்றது எந்த ஊரு நியாயம்? குடியிருக்கிறவங்க அங்கதான் இருந்தாங்க, வேகம்தான் பின்னாடி வந்துச்சு.

வேகத்தக் குறைச்சா என்ன ஆகும்னு நீங்களே உங்க அனுபவத்துல சொல்லுவீங்க. 60ல வர்ற கார் காஞ்ச ரோட்டுல நிக்க ஏறக்குறைய 45 மீட்டர், 30ல வந்தா 18 மீட்டருக்குள்ள நின்னுரும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்ற ஒரு கணக்கு இருக்கு, நடந்து போறவர 50ல இடிக்கிறதுக்கும் 65ல இடிக்கிறதுக்கும் நடுவுல சாவுற ஆபத்து 4.5 மடங்கு ஏறுது. கூடுனது வெறும் 15 கிலோமீட்டர் வேகம், மீட்டர்ல முள்ளு கொஞ்சூண்டு நகர்ந்த மாதிரிதான் தெரியும். அதனாலதான் 2020ல ஸ்டாக்ஹோம்ல பல நாட்டு அமைச்சர்கள் கூடி, ஜனங்களும் வண்டியும் கலந்து போற இடத்துல 30தான் உச்ச வேகமா இருக்கணும்னு அறிவிச்சாங்க.

சிக்னலப் பத்தி நீங்க சொன்னதுல ஒரு பாதி உண்மை இருக்கு. நம்ம ஊர்ல பட்டன அமுக்கிட்டு நிக்கிறவங்க ரொம்ப நேரம் நிக்கிறாங்க, பச்சை வந்தா ஓட வேண்டியிருக்கு. செகண்டுக்கு 1.2 மீட்டர் நடப்பாங்கன்னு வச்சு நேரம் போடுறது வழக்கம், 23 மீட்டர் ரோட்டுக்கு 19 செகண்டு. ஆனா உங்க வயசுல உள்ளவங்க, கைத்தடி வச்சிருக்கவங்க செகண்டுக்கு 0.8 மீட்டர்தான் நடப்பாங்க, அவங்களுக்கு 29 செகண்டு வேணும், பத்து செகண்டு பாக்கி இருக்கும்போதே சிவப்பு விழுந்துரும். இதுக்கு வழி சிக்னல எடுக்கிறதில்ல, நடுவுல அகலமா ஒரு திட்டு கட்டி பாதி பாதியாக் கடக்க விடுறது, லேன் எண்ணிக்கையக் குறைக்கிறது, கடக்கிற இடத்துல ரோட்டையே நடைபாதை உயரத்துக்குத் தூக்கி விடுறது. பஸ் நிக்கும் ஐயா, ஒத்துக்குறேன். ஆனா அந்த பஸ்ல வர்ற ஒவ்வொருத்தரும் இறங்குன பிறகு நடக்கிறவங்கதானே.

கேள்வி: என் அம்மாவுக்கு 70 வயசு, ரெண்டு முட்டியும் போச்சு, வீல்சேர்தான். பாலத்துல லிப்ட் இருக்கு, ஆனா ரிப்பேர்னு போர்டு தொங்குது. சாய்தளம் உள்ள இன்னொரு பாலத்துல மோட்டார் ஏறாம இருக்க இரும்புக் கம்பி நட்டு வச்சிருக்காங்க, அதுல வீல்சேர் நுழையல. நாங்க என்ன செய்ய? – வாசகர், பட்டர்வொர்த்

தம்பி, இதப் படிச்சிட்டு எனக்குக் கோவம்தான் வந்துச்சு. 2008லயே மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்துருச்சு, பொது இடம், பொதுப் போக்குவரத்து எல்லாத்தையும் மத்தவங்களுக்குச் சமமா அவங்களும் பயன்படுத்த உரிமை இருக்குன்னு அதுல எழுதியிருக்கு. சட்டம் வந்து இத்தன வருஷம் ஆச்சு.

ஒரு விஷயம் தெரிஞ்சுக்குங்க. வீல்சேர் ஏற சாய்தளம் 12க்கு 1ன்ற சரிவுல இருக்கணும், அதாவது ஒரு மீட்டர் உயரத்துக்கு 12 மீட்டர் நீளம். 5.5 மீட்டர் உயரப் பாலத்துக்கு ஒரு பக்கம் 66 மீட்டர், நடுவுல நின்னு மூச்சு விட சமதளம் வேற வேணும். ரெண்டு பக்கமும் சேர்த்தா 132 மீட்டருக்கு மேல, 23 மீட்டர் ரோட்டக் கடக்கிறதுக்கு! யாராச்சும் பின்னால தள்ளுறவங்க இருந்தாலே மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்கும். லிப்ட்டுன்னா பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கணும், வருஷா வருஷம், திறப்பு விழாவுக்கு மட்டும் ஒதுக்குனா பத்தாது. அம்மா மாதிரி ஆளுங்களுக்கு கீழயே சிக்னலோட கடக்கிற வழிதான் உருப்படியான வழின்னு நான் சொல்றது இதனாலதான்.

இப்போதைக்கு: ரிப்பேர் போர்ட போட்டோ எடுங்க, தேதியோட. கம்பி நட்ட இடத்துல வீல்சேர வச்சு, இடைவெளிய டேப்பால அளந்து ஒரு போட்டோ. "லிப்ட் வேலை செய்யல"ன்னு மட்டும் எழுதாம எத்தன நாளா, எந்த ரோடு, அம்மா எங்க போக வேண்டியிருக்கு, ஆஸ்பத்திரிக்கா, அத எழுதுங்க. பட்டர்வொர்த்னா செபராங் பிறை மாநகர் மன்றம், ரோடு கூட்டரசு சாலையா இருந்தா பொதுப்பணித் துறை. ரெண்டு பேருக்கும் ஒண்ணா அனுப்புங்க, ஒருத்தர் கடிதத்த இன்னொருத்தரும் பாக்கிற மாதிரி, அப்பத்தான் "அது எங்க வேலையில்ல"ன்னு தட்டிக்கழிக்க முடியாது.

கம்பியப் பத்தி அடுத்த கேள்வியப் பாருங்க.

கேள்வி: அக்கா, நான் மோட்டார்லதான் வேலைக்குப் போறேன். யூ டர்ன் ரொம்ப தூரம், அதனால ஜெஜந்தாஸ் சாய்தளத்துல ஏறி அந்தப் பக்கம் போயிருவேன். மெதுவாத்தான் போவேன், யாரையும் இடிச்சதில்ல. எல்லாரும் பண்றாங்க, தப்பா? – வாசகர், கெப்போங்

தப்புதான் தம்பி. நீங்க மெதுவாப் போறீங்க, சரி, உங்களுக்குப் பின்னால வர்றவன்? ரெண்டு மீட்டர் அகலத்துல ஒரு பாட்டி, ஒரு பிள்ளை, ஒரு மோட்டார் எப்படி ஒதுங்கும்? அத விட, மோட்டார் ஏறுதுன்னுதான் கம்பி நடுறாங்க, கம்பி நட்டதாலதான் மேல எழுதுன தம்பியோட அம்மா வீட்டுக்குள்ளயே கெடக்குறாங்க. நேரா உங்களுக்குச் சம்பந்தம் இல்லாத மாதிரி இருக்கும், ஆனா சங்கிலி அங்கதான் போய் முடியுது. இறங்கி மோட்டார ஆப் பண்ணித் தள்ளிட்டுப் போங்க, இல்லாட்டி யூ டர்ன் போயிட்டு வாங்க.

இன்னொன்னு கேக்காமலே சொல்றேன். மழை வந்தா ஹைவேயில பாலத்துக்கு அடியில மோட்டார ஓரங்கட்டி நிக்கிறீங்களே, கூட்டமா, சில நேரம் இடது லேன்லயே, அது ரொம்ப ஆபத்து. மழையில ஓட்டுறவருக்குக் கண்ணாடி மங்கலா இருக்கும், பாலத்து நிழல்ல நிக்கிறவங்க தெரியவே மாட்டாங்க. மழைக்கோட்டு ஒண்ணு சீட்டுக்கு அடியில வச்சுக்குங்க, ஹைவேயில மோட்டாருக்குன்னு கட்டுன கொட்டகை இருக்கு, பெட்ரோல் ஸ்டேஷன் இருக்கு, அதுல போய் நில்லுங்க.

கேள்வி: ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு பத்து மணிக்கு மேல பாலத்துல நடக்கணும். லைட்டு எரியாது, ரெண்டு பக்கமும் பெரிய விளம்பரப் பலகை மறைச்சிருக்கு, மேல என்ன நடந்தாலும் கீழ யாருக்கும் தெரியாது. ஒரு தடவ என் கூட வேலை செய்ற பொண்ணோட பைய இழுத்துட்டு ஓடிட்டான். அதுக்குப் பயந்து இப்ப நாங்க கீழ ஓடித்தான் கடக்குறோம். எங்களுக்கு வழி சொல்லுங்க. – வாசகி, ஜாலான் ஈப்போ

மேல ஏறுனா திருடன், கீழ இறங்குனா கார், இதுல எதுக்குப் பயப்படுறதுன்னு ஒரு பொண்ணு தினமும் ராத்திரி முடிவு பண்ண வேண்டியிருக்குன்னா அந்த நகரத்துல ஏதோ பெரிய கோளாறு இருக்கு. உங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன்மா.

இப்பவே செய்யக்கூடியது: ஷிப்ட் முடியிற நாலஞ்சு பேரு சேர்ந்து போங்க. பைய ரோட்டுப் பக்கம் தொங்கவிடாம உள்பக்கமா வச்சுக்குங்க, குறுக்கா மாட்டிக்கிட்டா இழுக்கும்போது விழுந்துருவீங்க, அதனால தோள்ல லேசாப் போட்டுக்குங்க, இழுத்தா விட்டுருங்க, உயிர விட பை பெருசில்ல. போன் பேசிக்கிட்டே ஏறாதீங்க. ஆபத்துன்னா 999. பை பறிபோன அந்தப் பொண்ணு போலிஸ் ரிப்போர்ட் போட்டாளா? போடலன்னா போடச் சொல்லுங்க, பை கிடைக்குதோ இல்லையோ, அந்தப் பாலத்து மேல ஒரு பதிவு இருக்கணும், பதிவு இல்லாத இடத்துக்கு ரோந்தும் வராது லைட்டும் வராது.

விளம்பரப் பலகையப் பத்தி நீங்க எழுதுனது ரொம்ப முக்கியம். பாலத்துல நடக்கிறவங்கள ரோட்டுல போறவங்க பாக்க முடியணும், அதுதான் பாதுகாப்புல முதல் பாதுகாப்பு, லைட்டு ரெண்டாவது. பாலம் முழுக்க ரெண்டு பக்கமும் பலகைய வச்சு மூடுனா அது உயரத்துல கட்டுன இருட்டுச் சந்து. கடிதத்துல இத முதல் வரியில எழுதுங்க, லைட்டு ரெண்டாவது வரி. பலகையில நம்பர் போட்டிருந்தா அத எழுதுங்க. கோலாலம்பூர்ல மாநகர் மன்றத்துக்கு எழுதணும், டோல் ஹைவே மேல உள்ள பாலம்னா அந்த ஹைவே நிறுவனத்துக்கும் நெடுஞ்சாலை வாரியத்துக்கும். நகல் உங்க நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கண்டிப்பா அனுப்புங்க. நம்ம நாட்டுல 1965க்கு அப்புறம் நகராண்மைத் தேர்தலே நடக்கல, கோலாலம்பூர்ல சட்டமன்ற உறுப்பினரும் கிடையாது, அதனால நீங்க ஓட்டுப் போட்டு அனுப்புனவருன்னு இருக்கிறது அந்த ஒருத்தருதான், அவரத்தான் பிடிக்கணும். ஒரு ஆளு கையெழுத்துல போகாம வேலை செய்ற எல்லாரும் கையெழுத்துப் போட்டு, உங்க முதலாளியையும் போடச் சொல்லுங்க.

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவுல நடக்கவே முடியல. அஞ்சடி (கடைங்க முன்னாடி உள்ள நடைபாதை) முழுக்க கடைச் சாமான், மோட்டார், மேசை நாற்காலி. பாட்டிய கூட்டிட்டுப் போனா ரோட்டுலதான் இறங்கி நடக்கணும். அங்க ஒரு பாலம் கட்டுனா என்ன? – வாசகி, ஜார்ஜ்டவுன்

அங்க பாலம் வேண்டாம்மா, லெபோ பசார் எவ்வளவு அகலம், நாலு எட்டுல கடந்துரலாம். 2008ல யுனெஸ்கோ பாரம்பரிய நகரமா அறிவிச்ச தெருவுல இரும்புப் பாலத்தக் கொண்டு வந்து நட்டா பாக்கவும் சகிக்காது. உங்களுக்கு வேண்டியது ஏற்கனவே கட்டி வச்ச ஒண்ணு, அந்த அஞ்சடிதான். 1822ல ராபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட நகரத் திட்டத்துல கடை வீட்டுக்கு முன்னாடி கூரையோட தொடர்ச்சியா நடைபாதை விடணும்னு விதி வச்சாரு, அப்புறம் மலாயாவுல மத்த ஊருலயும் அதே மாதிரி கட்டுனாங்க. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி, ரோட்டுல கால் வைக்காம தெரு முனை வரைக்கும் போகலாம், நம்ம சீதோஷ்ணத்துக்கு இத விட நல்ல நடைபாதைய இன்னிக்கு வரைக்கும் யாரும் கட்டல.

கடைக்காரங்க நம்ம ஆளுங்கதான், பொழப்பு இருக்கு, எனக்குத் தெரியும். ஆனா பூக்கடை வாளிய ரெண்டடி உள்ள தள்ளி வச்சா வியாபாரம் குறையாது, நடக்க வழி இருந்தாத்தான் கடைக்கே ஆள் வரும். மாநகர் மன்றத்துல புகார் கொடுக்கிறதுக்கு முன்னாடி கடைக்காரங்க சங்கத்துல பேசிப் பாருங்க, ஒரு வீல்சேர் போற அளவுக்கு, ஒரு மீட்டருக்குக் குறையாம, கோடு போட்டு விட்டாப் போதும். தெருவுக்குள்ள வர்ற கார் மெதுவா வரணும், அத மன்றம்தான் செய்யணும்.

பிரிக்பீல்ட்ஸ்ல இருந்தும் இதே மாதிரி ஒரு வாசகர் எழுதியிருக்காரு, பார்வை இல்லாதவங்களுக்காகப் பதிச்ச மஞ்சள் கல்லு மேல மோட்டார் நிறுத்துறாங்கன்னு. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிற வட்டாரம் அது, கைத்தடியோட நடக்கிறவங்கள தினமும் பாக்கலாம். அந்த மேடு மேடான கல்லுதான் அவங்களுக்குக் கண்ணு. அதுல வண்டிய நிறுத்துறவங்க ஒரு நிமிஷம் கண்ண மூடிக்கிட்டு அந்த வழியில நடந்து பாக்கட்டும்.

கேள்வி: தைப்பூசத்துக்கு ராத்திரி ரதத்தோட பத்துமலைக்குப் பிள்ளைகளோட நடக்கப் போறோம். என்ன கவனிக்கணும்? – வாசகி, ஜிஞ்சாங்

ரதம் போற வழியில போலிஸ் ரோட்ட மூடியிருப்பாங்க, அதுல கூட்டத்தோட போங்க, குறுக்கு வழின்னு மூடாத ரோட்டுல இறங்காதீங்க. நடைபாதை இல்லாத இடத்துல ரோட்டுக்கு வலது பக்கமா, எதிர வர்ற வண்டியப் பாத்த மாதிரி நடக்கணும், நம்ம ஊர்ல வண்டி இடது பக்கம் ஓடுறதால அப்பத்தான் வர்றது தெரியும். வெள்ளையோ மஞ்சளோ உடுப்பு போட்டுக்குங்க. பிள்ளைங்க கைய உள்பக்கம் பிடிச்சுக்குங்க, பத்து வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு வர்ற வண்டியோட வேகத்த அளக்கத் தெரியாது, "பாத்துப் போ"ன்னு சொல்லி அனுப்பிட்டா அது போதாது. திரும்பி வரும்போதுதான் எல்லாரும் களைச்சுப் போயி அஜாக்கிரதையா இருப்பாங்க, அப்ப நடக்காதீங்க, பத்துமலைக்கே கேடிஎம் கொமுட்டர் ரயில் ஸ்டேஷன் இருக்கு.

கேள்வி: பிறையில ஒரு தொழிற்சாலையில வேலை செய்றேன். காலையில வேலைக்கு நடந்து போகும்போது ரோடு கடக்கிற இடத்துல கார் இடிச்சு கால் முறிஞ்சுது, மூணு மாசம் எம்சி (மருத்துவ விடுப்பு). "பேக்டரிக்கு வெளிய நடந்தது, எங்களுக்குச் சம்பந்தம் இல்ல"ன்றாங்க. நடந்து போனவனுக்கு ஏதும் கிடைக்குமா? – வாசகர், பிறை

கிடைக்கும் தம்பி, முதல்ல அதத் தெரிஞ்சுக்குங்க. 1969ம் வருஷத்து தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்துல 24வது பிரிவு, வீட்டுல இருந்து வேலை இடத்துக்குப் போற வழியில, வர்ற வழியில நடக்கிற விபத்தையும் வேலை விபத்தாத்தான் கணக்குல எடுக்குது. சாப்பாட்டு நேரத்துல சாப்பிடப் போற வழியும் அதுல சேரும். கார்ல போனீங்களா மோட்டார்ல போனீங்களா நடந்தீங்களான்னு வித்தியாசம் இல்ல. வேலைக்குப் போற வழிய விட்டு சொந்த வேலைக்கு வேற பக்கம் திரும்பியிருந்தாத்தான் சிக்கல். உங்க பேரு பெர்க்கெசோவுல (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இருந்தா நீங்க கேக்கலாம், வெளிநாட்டுத் தொழிலாளிங்களும் 2019ல இருந்து வேலை விபத்துக் காப்புல சேர்ந்துட்டாங்க, உங்க கூட வேலை செய்ற வங்காளதேசத் தம்பிங்களுக்கும் இதச் சொல்லுங்க.

விபத்து தெரிஞ்ச 48 மணி நேரத்துக்குள்ள முதலாளி பெர்க்கெசோவுக்கு அறிவிக்கணும், அது அவருக்கு விருப்பம் இல்ல, கடமை. எம்சி 4 நாளைக்குக் குறையாம இருந்தா அந்த நாளுங்களுக்குத் தினச் சம்பளக் கணக்குல 80 சதவீதம் தற்காலிக உடற்குறை உதவித்தொகையா வரும், வைத்தியச் செலவு தனி. கால் பழையபடி ஆகலன்னா நிரந்தரக் குறைக்கு மதிப்பீடு கேக்கலாம். இதுக்கு வேண்டியது போலிஸ் ரிப்போர்ட், எம்சி எல்லாம் ஒண்ணு விடாம, அன்னிக்கு வேலைக்கு வர வேண்டிய நாள்தான்னு காட்டுற பஞ்ச்கார்டு, வீட்டுல இருந்து பேக்டரி வரைக்கும் நடக்கிற வழிய வரைஞ்ச படம், விபத்து நடந்த இடத்த அதுல குறிச்சு.

இது போக, இடிச்ச காரோட இன்சூரன்ஸ்ல இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம், மூணாம் தரப்பு இன்சூரன்ஸ் இல்லாம ஒரு வண்டியும் ரோட்டுல ஓடக்கூடாதுன்றது சட்டம். தீபகற்ப மலேசியாவுல காயத்துக்கு 6 வருஷத்துக்குள்ள வழக்குப் போடணும், உயிரே போயிருந்தா குடும்பத்துக்கு 3 வருஷம்தான் டைம், நிறைய குடும்பம் துக்கத்துலயே அந்த மூணு வருஷத்தையும் விட்டுருது. ஆஸ்பத்திரி வாசல்லயே வந்து "நான் வாங்கித் தர்றேன், இதுல கையெழுத்துப் போடு"ன்னு சொல்ற தரகருங்க கிட்ட கையெழுத்துப் போட்டுராதீங்க, வழக்கறிஞர நீங்களே நேர்ல போய்ப் பாருங்க, பணம் இல்லன்னா சட்ட உதவி மையத்துல கேளுங்க.

பேக்டரியில பாரம் (படிவம்) கொடுக்க மாட்டேன்னு சொன்னா மல்லுக்கட்ட வேணாம். ஊன்றுகோலோட போக முடியலன்னா வீட்டுல யாரையாச்சும் அனுப்புங்க, எம்சியையும் போலிஸ் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கிட்டு பக்கத்துல உள்ள பெர்க்கெசோ ஆபீசுக்கு நேராப் போயி "முதலாளி அறிவிக்கல"ன்னு சொன்னா அவங்களே முதலாளியக் கூப்பிட்டுக் கேப்பாங்க. இந்த வாரமே போங்க.